முப்பத்தாறு மூச்சு

மகளின் மார்பைப் பார்த்துச் சிங்காரவேலு எண்ணியபோது நிமிடத்துக்குப் பதினெட்டு மூச்சு வந்தது. கம்ப்யூட்டர் முப்பத்தாறு என்று காட்டியது.

ஐந்து வயதுத் தனக்கொடிக்கு உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்துகொண்டிருந்தது. நின்றால் உடனே உலுக்கி எழுப்ப வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் ஆற்றுத் தண்ணீர் பாகூர் ரோட்டின் மேல் ஏறிவிட்டது; குருவிநத்தத்தை விட்டு வெளியே போக வழியில்லை. அவனும் மனைவி அமுதமும் முறை வைத்துக் காவலிருந்தார்கள். இரண்டு இரவும் கண்ணயர்ந்தவன் அவன்தான். அந்த வெட்கத்தில்தான், பொழுதுபோக்குக்காக வாங்கி வைத்திருந்த, எண் பொத்தான்கள் மட்டும் உள்ள ஒற்றைப் பலகைக் கம்ப்யூட்டரை டிராக்டர் பேட்டரியில் மாட்டினான். குழந்தையின் மூக்கடியில் மிளகளவு சென்சார். சூடான மூச்சுப் பட்டால் சிவப்புப் புள்ளி மின்னும். பத்து விநாடி மூச்சே படாவிட்டால் மணி அடிக்கும்.

சென்சாரைத் தன் மூக்கடியில் வைத்துப் பார்த்தான். பதினான்கு. சரியான கணக்கு. வெறும் காற்றில் பிடித்தான். பூஜ்யம். குழந்தைக்கு ஒட்டியதும் மறுபடி முப்பத்தாறு. அவள் மூச்சு விடும்போது புள்ளி ஒரு முறை மின்னியது. விட்டு முடித்து மார்பு அடங்கிக் கிடக்கும்போது இன்னொரு முறை.

சாயங்காலமே வீடு இருட்டிவிட்டது. ஈயம் உருகும் புகையையும் மீறி, தலையணைப் பக்கமிருந்து ஆற்றுச் சேற்றின் வாடை வந்தது. ஒயரில்தான் கோளாறு என்று புதிதாகப் பற்றவைத்தான். பிறகு புரோகிராமைச் சந்தேகப்பட்டான். அணைத்தால் எல்லாம் அழிந்துபோகும். நோட்டைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாகத் தட்ட வேண்டும். நான்கு முறை தட்டிவிட்டான். நான்கு முறையும் முப்பத்தாறு.

"அத்த வுட்டுட்டு புள்ளையப் பாருங்க" என்றாள் அடுப்படியிலிருந்து அமுதம்.

"நான் மறுபடியும் தூங்கிட்டா இன்னா பண்றது? இது ஒண்ணுதான் தூங்காது."

ஐந்தாவது முறை. நோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கடைசி எண்ணைத் தட்டிவிட்டு ஒரு நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.

பதினெட்டு.

"அமுதம், சரியாயிடுச்சி. பதினெட்டு காட்டுது, வந்து பாரு." அவனுக்கு அழுகை முட்டியது. இனி பயமில்லை.

அவள் விளக்கோடு வந்து குழந்தையின் காலைத் தொட்டாள்.

"ஏங்க, காலு ஜில்லுனு இருக்குது."

அவன் மார்பைப் பார்த்தான். சட்டை அசையவில்லை. உலுக்கினான். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

புள்ளி மின்னியது.

சென்சாரைப் பிடுங்கினான். உள்ளங்கையில் வைத்து இறுக மூடிக்கொண்டான். மணி அடிக்கட்டும். எட்டு. ஒன்பது. பத்து.

அடிக்கவில்லை.

மூடிய விரல்களுக்குள்ளே, ஈரமாக, சூடாக, ஒரு மூச்சுப் பட்டது. பிறகு இன்னொன்று.