ஆறாம் படுக்கை

கடலடியில் குழாய்களை ஒட்டவைக்கும் வெல்டரின் ஒரு நாள் சம்பளத்தைச் சொன்னால் கேட்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். மற்றவர்கள் இரண்டு மாதம் குனிந்து நிமிர்ந்து சம்பாதிப்பதை அவன் ஒரே நாளில் வாங்கிவிடுவான். கல்யாணமான புதிதில், "தண்ணிக்குள்ள போயி அப்படி என்னப்பா வேலை?" என்று உதட்டைப் பிதுக்கிய மாமனார், சொந்த வீடு வாங்கியதும் "மாப்பிள்ளை கடலுக்கடியில இருக்கார்" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமையடிக்க ஆரம்பித்தார்.

அந்தச் சம்பளம் சும்மா கிடைப்பதில்லை. கப்பலின் வயிற்றுக்குள் உருளை வடிவில் ஓர் இரும்பு அறை. கடலடியில் என்ன அழுத்தமோ அதே அழுத்தத்தை அதற்குள் ஏற்றி, ஆட்களை வைத்துப் பூட்டிவிடுவார்கள். மூன்று வாரம் சாப்பாடு, தூக்கம், சண்டை, சமாதானம் எல்லாம் அதற்குள்தான். வேலை நேரத்தில் மட்டும் ஒரு கூண்டில் ஏற்றி அடியில் இறக்குவார்கள். வேலை முடிந்துவிட்டது என்று உடனே கதவைத் திறந்துவிடவும் முடியாது. உடம்பில் ஊறிய வாயு கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற ஆறு நாள் வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் பிணம்தான் வெளியே வரும். பெற்ற தாய் செத்துப்போனாலும் ஆறு நாள் கழித்துத்தான் போய் அழ முடியும்.

"இந்தத் தடவைதான் கடைசி" என்று சொல்லிவிட்டுத்தான் அவன் புறப்பட்டான்.

"நாலு வருஷமா இதையேதான் சொல்றீங்க. நீங்க அனுப்புற காசு வந்துடுது. நீங்கதான் வர மாட்டேங்கிறீங்க" என்றாள் மனைவி.

இந்த முறை அவன் சத்தியமாகத்தான் சொன்னான். ஏழு வயது மகளுக்கு இதயத்தில் சின்ன ஓட்டை. ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அவன் வெளியே வந்த இரண்டாம் நாள் ஆபரேஷன். மயக்க மருந்து கொடுக்கும்போது அப்பா பக்கத்தில் இருக்க வேண்டும், வலது கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இருவரும் சேர்ந்து பத்திலிருந்து கீழே எண்ண வேண்டும். இது அப்பாவும் மகளும் போர்வைக்குள் தலையைவிட்டுக் குசுகுசுவென்று பேசி முடிவு செய்தது. அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

அறைக்குள் கடைசியாக நுழைந்தவன் அவன்தான். ஆறு படுக்கைகள், ஐந்து பேர். முதல் நான்கையும் மற்றவர்கள் பிடித்துவிட்டார்கள். மொட்டை என்று எல்லோரும் கூப்பிடும் மூத்த டைவர் ஒருவர், படுத்த கணத்தில் அறையை அதிர வைப்பதால் குறட்டை என்றே பெயர் வாங்கிய ஒருவன், எப்போதும் ஒருவரையொருவர் வாரிக்கொண்டே இருக்கும் மாமன் மச்சான் இரண்டு பேர். வெல்டருக்கு ஆறாம் எண் படுக்கை என்று வெளியே பலகையில் எழுதியாகிவிட்டது. மூலையில், கீழ்த்தட்டில், விளக்கு வெளிச்சம் எட்டாத இடம்.

"ஆறா?" என்றார் மொட்டை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கதவு மூடியது. வாயு சீறிக்கொண்டு உள்ளே வந்தது. அவ்வளவு ஆழத்தில் சாதாரணக் காற்றைச் சுவாசிக்க முடியாது என்பதால் ஹீலியம் கலந்துதான் விடுவார்கள். அது தொண்டைக்குள் போனால் ஆறடி ஆண்பிள்ளையின் குரலும் எலிக்குஞ்சு கத்துவது போல ஆகிவிடும்.

"டேய் மச்சான், உன் குரல் இப்பதான்டா உன் மூஞ்சிக்குப் பொருத்தமா இருக்கு" என்று மாமன் கீச்சிட்டான். ஐந்து பேரும் கீச்கீச்சென்று சிரித்தார்கள்.

அந்தப் பேச்சு வெளியிலிருப்பவர்களுக்குப் புரியாது. அதனால் ஒவ்வொரு படுக்கைக்கும் ஒரு மைக் உண்டு. அதில் பேசினால் வெளியே ஒரு இயந்திரம் கீச்சுக்குரலைக் கனமாக்கி, மனிதக் குரலாக மாற்றிக் கொடுக்கும். ஆளில்லாத படுக்கையின் மைக்கை அணைத்துவைத்திருப்பார்கள். ஐந்தாம் எண் மைக் அப்படித்தான் அணைந்து கிடந்தது.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, வேலை முடித்து வந்து செத்த பிணமாகக் கிடந்தான் வெல்டர். இரும்பும் வியர்வையும் ஈரத்துணியும் கலந்த நெடி. அதற்கு அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது. ரொம்ப நாள் பூட்டிவைத்த பெட்டியைத் திறந்தால் வருகிற வாசனை.

"தூங்கிட்டீங்களா?" என்று யாரோ காதருகில் கேட்டார்கள்.

"இல்ல" என்றான், கண்ணைத் திறக்காமலே.

"வீட்ல யாரு இருக்கா?"

பேசுவதற்கு ஓர் ஆள் கிடைத்தால் அந்த அறைக்குள் யாரும் விடமாட்டார்கள். அவனும் சொன்னான். மகளைப் பற்றி, ஓட்டையைப் பற்றி, எந்த ஆஸ்பத்திரி, எந்தத் தேதி என்று எல்லாவற்றையும் சொன்னான்.

"எந்தக் கையப் பிடிப்பீங்க?"

"வலது கைய. பத்துலேர்ந்து கீழ எண்ணணும்னு சொல்லியிருக்கா."

"பத்துலேர்ந்து" என்றது குரல், மனப்பாடம் செய்துகொள்வது போல. "எனக்கும் வீட்டுக்குப் போகணும்."

அப்போதுதான் வெல்டருக்குத் தூக்கம் கலைந்தது.

அந்தக் குரல் கீச்சிடவில்லை.

கனமான, தெளிவான, ஆண்குரல். கரையில் ஒருவர் பேசினால் எப்படி இருக்குமோ அப்படி. இந்த அறையில் மூச்சு விடுகிற எவனாலும் அப்படிப் பேச முடியாது.

மூச்சு விடுகிறவனால் முடியாது.

அவன் கண்ணைத் திறந்தான். எதிரே குறட்டை குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். மற்ற மூவரும் போர்வைக்குள். அவனுடைய படுக்கையின் ஓரத்தில் மட்டும் மெத்தை கொஞ்சம் அமுங்கியிருந்தது, யாரோ உட்கார்ந்திருப்பது போல. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல மேலே எழும்பியது.

அடுத்த நிமிடம் அவன் மேல்தட்டில், ஐந்தாம் எண் படுக்கையில் இருந்தான். வெளியே சொல்லவில்லை. சொன்னால் காரணம் கேட்பார்கள். குரல் கேட்டது என்று ஒரு வார்த்தை விட்டால் போதும், மனநிலை சரியில்லை என்று எழுதி அடுத்த முறை கப்பல் பக்கமே விடமாட்டார்கள். இதுதான் கடைசி என்று சத்தியம் செய்தவனுக்கு அடுத்த முறையைப் பற்றி என்ன கவலை என்று அவன் தன்னைக் கேட்டுக்கொள்ளவே இல்லை. ஆக, வெளியே இருக்கும் பலகையைப் பொறுத்தவரை அவன் இன்னும் ஆறாம் எண்தான்.

சாப்பிடும்போது மொட்டையிடம் மெதுவாகக் கேட்டான்.

"ஆறுல இதுக்கு முன்னாடி யாருண்ணே?"

மொட்டை வாயிலிருந்ததை விழுங்கிவிட்டுத்தான் பேசினார். "இன்னொரு நாள்."

"என்னது?"

"அவன் பேரே அதான் ஆயிடுச்சு. வேலைய நீட்டிக்கலாமான்னு கேட்டா முதல் ஆளா சரின்னுடுவான். பொண்ணு பிறந்தப்ப உள்ள இருந்தான். பொண்ணுக்குக் கல்யாணம், அப்பவும் உள்ளதான். போன வருஷம் அந்தப் படுக்கையில தூங்கினான், எந்திரிக்கல." அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எங்களுக்கு வெளிய வர ஆறு நாள். அவனையும் வெச்சுக்கிட்டு ஆறு நாள் இருந்தோம் தம்பி."

எலிக்குஞ்சுக் குரலில் சொல்லப்பட்ட அந்தக் கதையைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை.

இருபத்தோராம் நாள் ஒலிபெருக்கியில் சூப்பர்வைசர் வந்தார். அடியில் இன்னொரு குழாயும் இற்றுப்போயிருக்கிறதாம். மூன்று நாள் கூடுதல் வேலை, ஒன்றரை மடங்கு சம்பளம். வழக்கம்போல எண் வரிசையில் கேட்பார். ஒருவர் வேண்டாம் என்றால்கூட நீட்டிப்பு கிடையாது. எல்லோரும் கிளம்ப வேண்டியதுதான். ஒருவன் வாயால் ஐந்து பேர் பிழைப்பும் போகும் என்பதால் அப்படி யாரும் சொன்னதில்லை.

வெல்டர் சொல்லத் தயாராக இருந்தான். மூன்று நாள் தள்ளினால் ஆபரேஷன் அன்று அவன் இந்த இரும்புக்குள் கிடப்பான்.

"ஒண்ணு?"

"சரி" என்று கீச்சிட்டார் மொட்டை.

"ரெண்டு? மூணு? நாலு?"

சரி. சரி. சரி.

"அஞ்சு காலி. ஆறு?"

"வேண்டாம்!" என்று மேல்தட்டிலிருந்து கத்தினான் வெல்டர். கத்தியது அணைந்து கிடந்த ஐந்தாம் எண் மைக்கில்.

கீழே, காலியாகக் கிடந்த ஆறாம் படுக்கையின் இருட்டிலிருந்து நிதானமாக ஒரு குரல் வந்தது.

"சரி."

"நன்றி. எல்லாரும் சரி. கிரேனுக்குச் சொல்லிடறேன்."

வெல்டர் நான்கு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். நான்கு பேரும் இரண்டு குரலையும் கேட்டிருந்தார்கள். மாமன் காலுறையைச் சரிசெய்தான். மச்சான் மேலே பார்த்தான். குறட்டை, விழித்துக்கொண்டே கண்ணை மூடினான்.

"அண்ணே, நான் வேண்டாம்னு சொன்னேன். நீங்க கேட்டீங்கள்ல?"

"எனக்குக் காது மந்தம் தம்பி" என்றார் மொட்டை. மூன்று நாளுக்கு ஒன்றரை மடங்கு என்றால் காது மந்தமாகத்தான் செய்யும்.

ஆறாம் எண் மைக் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. கீழே இறங்கி, அந்த இருட்டுக்குள் தலையை நுழைத்து, ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் ஏணியில் ஒரு காலை வைத்தான். அப்படியே நின்றான். பயம்தான். ஆனால் பயம் மட்டும்தானா? ஒன்றரை மடங்கு என்ற சொல் அவன் மனதுக்குள்ளும் ஒருமுறை ஓடிவிட்டுத்தான் போனது. அதை எண்ணி அவன் பின்னால் எத்தனையோ தடவை தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளாத குறையாக வருந்தினான்.

குறட்டையின் மைக்கைப் பிடுங்கி அவன் பேசியபோது நேரம் கடந்திருந்தது.

"கிரேன்ல பழைய குழாயத் தூக்கியாச்சுப்பா. புதுசப் பொருத்தாம வர முடியாது" என்றார் சூப்பர்வைசர். "நீதானே சரின்ன? குரல்கூட ரொம்பக் கனமா இருந்துச்சு. சளி கிளி பிடிச்சிருக்கா?"

கீச்சுக்குரலைக் கனமாக்கும் இயந்திரத்துக்குள் சாதாரணக் குரல் போனால் அப்படித்தான் கேட்கும்.

அன்றிலிருந்து அந்தக் குரல் பேசவில்லை. மெத்தை அமுங்கவில்லை. பூட்டிய பெட்டியின் வாசனையும் இல்லை. ஆபரேஷன் நடந்த நாளில், அழுத்தம் மெல்ல இறங்கிக்கொண்டிருந்த அறையில், வெல்டர் தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு பத்திலிருந்து கீழே எண்ணினான். ஆறாம் படுக்கை உண்மையாகவே காலியாக இருப்பதை அவனால் உணர முடிந்தது. அது அவனுக்கு ஏனோ ஆறுதல் தரவில்லை.

"முடிஞ்சிருச்சு. நல்லா இருக்கா" என்று மட்டும் மனைவி போனில் சொன்னாள். உடனே வைத்துவிட்டாள்.

அவன் வீட்டுக்கு வந்தபோது சாயங்கால வெயில் ஜன்னலில் இருந்தது. மனைவி கதவைத் திறந்துவிட்டுத் திரும்பி நடந்தாள். மகள் மார்பில் கட்டோடு படுத்திருந்தாள். அவன் கட்டிலருகே மண்டியிட்டு அவள் வலது கையைப் பிடித்தான்.

"பாப்பா, அப்பாவால அன்னிக்கு வர முடியலடா. மன்னிச்சுக்கோ."

"ஐய, இன்னிக்கு உன் கை சூடா இருக்கே" என்றாள் மகள். "அன்னிக்குச் சில்லுன்னு இருந்துச்சு."

"என்னிக்கு?"

"ஆஸ்பத்திரில. நீ வந்து பிடிச்சுக்கிட்டியே. பத்து, ஒன்பதுன்னு எண்ணினோமே. மூணு வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்குப்பா."

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் கண் கலங்கியிருந்தது.

"மயக்கத்துல உளறிட்டே இருந்தா. அப்பா வந்தாரு, அப்பா வந்தாருன்னு" என்றாள். "வராத மனுஷன் வந்ததா அவளே நெனச்சுக்கிட்டா."

இனி போவதில்லை, கோடி கொடுத்தாலும் போவதில்லை என்று அப்போதே முடிவு செய்தான். சொல்லிவைத்தது போல போன் அடித்தது. கம்பெனியிலிருந்து, அதே சூப்பர்வைசர்தான். அந்த அறையின் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எடுத்தான்.

"அடுத்த மாசம் ஒரு வேலை இருக்கு. இருபத்தெட்டு நாள். வர்றியா?"

"வேண்டாம்" என்றான் வெல்டர். தெளிவாக, பக்கத்து வீட்டுக்கே கேட்கும்படி சொன்னான்.

மறுமுனையில் பேனா கிறுக்கும் சத்தம் கேட்டது.

"சந்தோஷம்! நீ சரின்னு சொல்வேன்னு தெரியும். அதே ஆறாம் படுக்கைதான், பேர எழுதிடறேன். குரல் இன்னும் கனமாவே இருக்கே, சளிய கவனி."

போன் துண்டிக்கப்பட்டது.

பூட்டிவைத்த பெட்டியின் வாசனை வந்தது. கண்ணாடிக் கதவின் வழியே அவன் உள்ளே பார்த்தான். மகள் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் வலது கை கட்டிலுக்கு மேலே உயர்ந்து நின்றது. விரல்கள் எதையோ இறுகப் பிடித்திருந்தன. கட்டிலின் ஓரத்தில் மெத்தை அமுங்கியிருந்தது.

"பத்து" என்றாள் மகள்.

"ஒன்பது" என்றது ஓர் ஆண்குரல்.

அந்த இரும்பு அறைக்குள் என்றால் யார் மூச்சு விடுகிறவர், யார் விடாதவர் என்று குரலை வைத்தே சொல்லிவிடலாம். இங்கே எல்லோருக்கும் ஒரே காற்று. எல்லாக் குரலும் ஒன்றுதான்.

அவன் கதவை இழுத்தான். அது அசையவில்லை. உள்ளே அழுத்தம் ஏற்றிய இரும்பு அறையின் கதவு எப்படி அசையாதோ, அப்படி.

"ஏங்க" என்று சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் குரலில் கோபம் இல்லை. "இனிமேலாவது எங்ககூடவே இருந்துடுங்க."

வெல்டர் கண்ணாடியில் இரண்டு கைகளாலும் அடித்துக்கொண்டு வாயைத் திறந்தான்.

அதற்குள் மகளின் அறையிலிருந்து பதில் போய்விட்டது.

"சரி."