கிட்னிக்கு ஒரு கள்ளச்சாவி

தலையணையில் ரத்தம்!

ஜினசந்திரன் மூக்கைத் தொட்டார். விரலெல்லாம் சிவப்பு.

கத்தவில்லை. கத்தினால் கேட்க யார் இருக்கிறார்கள்?

மனைவி ராஜமதியைப் போளூருக்கு விரட்டி இருபது நாள். சோற்றில் விஷம் வைக்கிறாள் என்று ஸ்டேஷனில் எழுதியும் கொடுத்தாயிற்று. ஆஸ்பத்திரியில் கிடந்த பத்து நாளும் பிரஷர் இறங்கியது. வீடு திரும்பியதும் எகிறியது! வேறென்ன சாட்சி வேண்டும்?

இப்போது அவரே உலை வைக்கிறார். ஒரு தட்டு. ஒரு டம்ளர். வெங்காயம், கிழங்கு கிடையாது... மண்ணுக்கு அடியில் விளைந்ததைத் தொடாத ஜைன வைராக்கியம். பேச்சுத் துணைக்கு ரேடியோ.

அப்படியிருந்தும் ரத்தம்...?

செங்கம் ரோடு கிளினிக்குக்கு ஓடினார்.

"இருநூத்திப் பத்து!" என்றார் டாக்டர் முருகையன்.

"அவதான் வீட்லயே இல்லியே, டாக்டர்!"

"அதான் எனக்கும் உதைக்குது."

கதவு திறந்தது. சப்-இன்ஸ்பெக்டர் சடையன். பின்னால் ராஜமதி. அவள் இவரைப் பார்க்கவில்லை.

"வேலூருக்கு அனுப்பின இவர் ரத்த ரிப்போர்ட் வந்துச்சா டாக்டர்? விஷம்னா சொல்லுங்க, இந்தம்மாவை உள்ள வெச்சிடறேன்."

"இருய்யா. பிரஷர் கம்மியானா கிட்னி ரெனின்னு ஒண்ணை அனுப்பும். அது போய் கிட்னிக்கு மேல உக்காந்திருக்கிற சுரப்பியை எழுப்பும். சுரப்பி ஹார்மோன் விடும். உப்பு தேங்கும், பிரஷர் ஏறும். இவர் ரத்தத்துல ரெனினும் இல்ல, ஹார்மோனும் இல்ல. ஆனா உப்பு தேங்குது!"

"எப்படி...?"

"எவனோ கள்ளச்சாவி போடறான்."

ஜினசந்திரனின் தாடை பயத்தில் வேகமாக அசைந்தது.

டாக்டர் உற்றுப் பார்த்தார்.

"வாயில என்ன?"

"அதிமதுரம். சிகரெட்டை விட்டதிலேர்ந்து மெல்லறேன். தொண்டைக்கு நல்லது..."

"நாள் பூரா?"

"ஆமா. சட்டைப் பையிலயே இருக்கும்."

"ஆஸ்பத்திரியில?"

"சட்டை... வீட்டுல இருந்தது."

டாக்டர் சிரிக்கவில்லை.

"துப்புங்க! அந்த ஹார்மோன் வேலையை அப்படியே செய்யும் இது. இன்னும் ஒரு மாசம் மென்னிருந்தா மூளையில நரம்பு வெடிச்சிருக்கும்."

சடையன் புகாரை நாலாக மடித்தார்.

"யாரை சார் கைது பண்றது? உங்களையா, உங்க சட்டையையா?"

ஜினசந்திரன் துப்பினார். மனைவி பக்கம் திரும்பினார்.

"ராஜமதி... வீட்டுக்கு வர்றியா?"

அவள் தரையில் கிடந்த சக்கையைப் பார்த்தாள்.

"அது வேருங்க. மண்ணுக்கு அடியில விளையறது."

அவர் தலை குனிந்தது.

"வர்றேன். ஆனா இனிமே தினம் வெங்காய சாம்பார்தான். அதைத் தின்னு இதுவரைக்கும் எவனும் பொண்டாட்டி மேல கேஸ் கொடுத்ததில்ல!"