மீனுக்குள் ஒரு கடிகாரம்

அம்மாவின் சீருடைச் சட்டைப் பையில் காலி பிஸ்கட் பாக்கெட் ஒன்று இருந்தது.

புதன்கிழமை காலையில் துணி துவைக்கும் இயந்திரத்தில் போடுவதற்கு முன் எல்லாப் பைகளையும் சோதித்துப் பார்ப்பது ஏனம்மாவின் வேலை. அவளுடைய பள்ளிக்கூடப் பெயர் வேறு. எதைக் கண்டாலும் “ஏன்?” என்று கேட்பதால் வீட்டில் எல்லோருக்கும் அவள் ஏனம்மா.

“டேய், போன புதன்கிழமையும் இதே மாதிரி ஒரு பாக்கெட் இருந்துச்சு. அதுக்கு முந்தின புதனும் இருந்துச்சு” என்றாள் தம்பியிடம்.

தம்பிக்கு வீட்டில் பட்டாசு என்று பெயர். அவனுக்கு மெதுவாகப் பேச வராது.

“அப்போ அம்மா செவ்வாய்க்கிழமை மட்டும் பிஸ்கட் சாப்பிடறாங்க!” என்று வெடித்தான்.

“ஷ்ஷ்! செவ்வாய்க்கிழமை நம்ம வீட்டுல என்ன சாப்பாடு?”

“சால்மன் மீன்! அப்பா சமையல்!”

அம்மா நகரப் பேருந்து ஓட்டுநர். செவ்வாய்க்கிழமைகளில் அவளுக்கு மாலை வேலை. இரண்டு நடைகளுக்கு நடுவே அரை மணி நேரம் ஓய்வு. பேருந்து நிற்கும் இடம் தெருக்கோடியிலேயே இருப்பதால், ஓடி வந்து வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவாள்.

“வீட்டுல சாப்பிட்டும் அம்மாவுக்கு ஏன் பசிக்குது? மீன் நல்லாத்தானே இருக்கு?”

“எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு!”

ஏனம்மா யோசித்தாள். தட்டில் எப்போதும் நான்கு துண்டுகள் வரும். நடுப்பகுதியிலிருந்து வெட்டிய இரண்டு தடித்த துண்டுகள் அவளுக்கும் பட்டாசுக்கும். வால் பக்கத்து மெல்லிய துண்டுகள் அம்மாவுக்கும் அப்பாவுக்கும்.

“கண்டுபிடிச்சிட்டேன்! நம்ம துண்டு வேகிற நேரத்துல அவங்க துண்டு காய்ஞ்சு போயிடுது!”

“அப்பா ஒண்ணுமே சொல்லலையே?”

“அப்பா செருப்பைப் பொரிச்சுக் கொடுத்தாலும் சாப்பிடுவார்.”

அது உண்மைதான். அப்பா கடிகாரம் பழுதுபார்ப்பவர். சாப்பிடும்போதும் அவர் மனம் ஏதாவது ஒரு பல்சக்கரத்தில்தான் சுற்றிக்கொண்டிருக்கும். சமையலிலும் அவருக்குக் கடிகாரம்தான் எல்லாம். கழுத்தில் நிறுத்துக்கடிகாரத்தை மாட்டிக்கொண்டு, “இந்தப் பக்கம் ஆறு நிமிஷம், அந்தப் பக்கம் ஆறு நிமிஷம். ஒரு நொடி கூடாது, ஒரு நொடி குறையாது!” என்று பெருமையாகச் சொல்வார்.

காலி பாக்கெட்டைக் காட்டினால் அந்தப் பெருமை சுருங்கிப்போகும். காட்டாவிட்டால் அம்மா பட்டினியாகப் பேருந்து ஓட்ட வேண்டும். ஏனம்மா ஒரு வாரம் முழுக்க யோசித்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மாலை. உருளைக்கிழங்கும் பட்டாணியும் வெந்து மூடி போட்டுக் காத்திருந்தன. ஏனம்மா மீன் துண்டுகளைக் காகிதத் துண்டால் ஒற்றி எடுத்தாள்.

“நல்லா துடைம்மா. ஈரம் இருந்தா சூடெல்லாம் அந்தத் தண்ணியை ஆவியாக்கவே செலவாயிடும். தோல் மொறுமொறுன்னு வராது” என்றார் அப்பா.

இதுதான் சமயம் என்று ஏனம்மாவுக்குத் தோன்றியது.

“அப்பா, சின்னக் கைக்கடிகாரத்துக்கும் பெரிய சுவர்க்கடிகாரத்துக்கும் ஒரே அளவு சாவி கொடுப்பீங்களா?”

“ஐயோ! சின்னதோட சுருள் அறுந்துடும்மா!”

“அப்போ இந்தத் துண்டு ரெண்டு விரல் உயரம். இது ஒரு விரல்கூட இல்ல. ரெண்டுக்கும் ஏன் ஒரே நேரம்?”

அப்பா தடித்த துண்டைப் பார்த்தார். மெல்லிய துண்டைப் பார்த்தார். கழுத்தில் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்தார்.

“அட, ஆமாம்! எனக்கு ஏன் இது தோணல?” என்றார். அவருடைய கண்கள் பளபளத்தன. “அப்போ எது எப்போ வெந்துச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

“தெரியலப்பா. பக்கத்துல இருந்து பார்க்கலாமா?”

மணி ஆறரை. பேருந்தைக் காணோம்.

“போட்டுடலாமா? நேரம் ஆச்சே!” அப்பாவுக்குக் கை பரபரத்தது.

“பஸ் வரட்டும்ப்பா. பட்டாசு ஜன்னல்ல நிக்கிறான்.”

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். ஆறே முக்காலுக்கு ஜன்னல் அதிர்ந்தது.

“பஸ்! பஸ்! திரும்பிடுச்சு!”

சூடான எண்ணெயில் தடித்த துண்டுகள் தோல் கீழே இருக்கும்படி இறங்கின. ‘சுர்ர்ர்!’ ஏனம்மா சற்றுத் தள்ளி முக்காலியில் ஏறி நின்று, துண்டின் பக்கவாட்டைக் கவனித்தாள்.

“அப்பா! இங்க பாருங்க! அடியில நிறம் மாறுது!”

கண்ணாடிபோல மின்னிய ஆரஞ்சு நிறம், அடியிலிருந்து வெளிறிய இளஞ்சிவப்பாக மாறிக்கொண்டிருந்தது. சூடு கீழேயிருந்துதானே வருகிறது! அது எட்டிய இடம் வரை மீன் வெந்திருக்கிறது. வெப்பமானியில் பாதரசம் ஏறுவதுபோல இரண்டு நிறங்களும் சந்திக்கும் கோடு மெல்ல மெல்ல மேலே ஏறியது.

அப்பா கடிகாரங்களைப் பார்க்கும் உருப்பெருக்கியை ஒரு கண்ணில் செருகிக்கொண்டு குனிந்தார். “ஏறுது! ஏறுது! மீனுக்குள்ளயே ஒரு கடிகாரம் ஓடுதும்மா!”

கதவு படாரென்று திறந்தது. அம்மா மூச்சு வாங்க உள்ளே வந்தாள்.

“வழியில சிக்னல் வேலை செய்யல. பத்து நிமிஷத்துல கிளம்பணும். இருக்கிறதைக் கொடுங்க!”

தடித்த துண்டுகளில் கோடு பாதியைக்கூட எட்டவில்லை.

“தீயைக் கூட்டிடவா?” அப்பாவின் கை குமிழுக்குப் போனது.

“வேண்டாம்ப்பா! அடி கருகும், நடுவுல பச்சையா இருக்கும். மெல்லிசுத் துண்டைப் போடுங்க. அதுல கோடு ஏற வேண்டிய தூரம் கொஞ்சம்தான்!”

‘சுர்ர்ர்!’ மூன்று தலைகள் வாணலிக்குப் பக்கத்தில் வரிசையாகச் சாய்ந்தன. அம்மா கை கழுவிக்கொண்டே, “என்ன நடக்குது இந்த வீட்டுல?” என்றாள். யாரும் திரும்பவில்லை.

“கால்வாசி! பாதி! முக்கால்!” பட்டாசு கிரிக்கெட் வர்ணனைபோலக் கத்தினான்.

“திருப்புங்கப்பா! இப்போ!”

அப்பா திருப்பினார். ஒரு நிமிடத்தில் எடுத்தார். நிறுத்துக்கடிகாரத்தை அழுத்தவே மறந்துவிட்டார்.

மேலே எலுமிச்சைச் சாறு பிழிந்ததும் அம்மா முள்கரண்டியால் மீனைத் தொட்டாள். அது பூவிதழ்போல அடுக்கடுக்காகப் பிரிந்தது. ஒரு வாய் மென்றாள். மெல்லுவதை நிறுத்தினாள்.

ஏனம்மா முக்காலியிலிருந்து இறங்கி வந்து அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

“ஏங்க,” என்றாள் அம்மா, “இது நம்ம வீட்டு மீன்தானா?”

“ஏன், நல்லா இல்லையா?”

“இன்னொண்ணு இருக்கா?”

இருந்தது. அதையும் சாப்பிட்டுவிட்டு, உருளைக்கிழங்கையும் பட்டாணியையும் வழித்துவிட்டு, அம்மா தொப்பியை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

“அது என் துண்டு!” என்றார் அப்பா, காலித் தட்டைப் பார்த்து.

“எங்க துண்டுல பங்கு தர்றோம்ப்பா. கோடு முக்காலுக்கு வந்தாச்சு, திருப்புங்க!”

மறுநாள் புதன்கிழமை. ஏனம்மா அம்மாவின் சட்டைப் பைக்குள் கையை விட்டாள். விரலில் காகிதம் சரசரத்தது. பிஸ்கட் பாக்கெட்! அவள் முகம் வாடிவிட்டது. மெல்ல வெளியே எடுத்தாள்.

பாக்கெட் கனமாக இருந்தது. பிரிக்கவே இல்லை!

“பட்டாசு! அம்மா பிரிக்கல! ஒண்ணுகூடச் சாப்பிடல!”

“அப்போ நமக்குத்தான்!” பட்டாசு அதை வாங்கிக் கிழித்த சத்தத்தில் அப்பா பட்டறை மேசையிலிருந்து எழுந்து வந்தார். உருப்பெருக்கி இன்னும் கண்ணிலேயே இருந்தது.

“அம்மா சட்டைப் பையில பிஸ்கட்டா? ஏன்?” என்று கேட்டார்.

ஏனம்மாவிடமே ஒருவர் ஏன் என்று கேட்டது அந்த வீட்டில் அதுதான் முதல் முறை. ஆனால் அவள் வாய் நிறைய பிஸ்கட்.