பதின்மூன்றாவது கட்டை

சாக்குப்பையில் இருந்த இருபது இரும்புக் கட்டைகளையும் வஜிஹாவின் மேஜைமேல் கொட்டினார் ரத்தினவேல். டீ கிளாஸ் உருண்டு விழுந்தது.

"சதி, மேடம்! பன்னெண்டு மில்லிமீட்டர் ஆழம் துளை போடச் சொன்னா, இஷ்டத்துக்குப் போட்டிருக்கு. ஆபரேட்டர் நஞ்சம்மா வேலைதான். வீட்டுக்கு அனுப்பிட்டேன். நாளைக்குள்ள சரியாகலைன்னா அந்தம்மாவுக்கு வேலை இல்லை."

அது 1993. ஓசூர் சிப்காட்டில் இருந்த அவருடைய பட்டறையின் துளையிடும் இயந்திரத்துக்குச் சிறு கணினி ஒன்றை வஜிஹாதான் அமைத்துக் கொடுத்திருந்தாள். நாம் எழுதும் நிரலை அந்தக் கணினியின் மொழிக்கு மாற்றும் கம்பைலரை எழுதியவர் அவளுடைய கூட்டாளி ஆஞ்சப்பன். துப்பறிவதில் அவருக்குத் தீராத ஆசை.

"போட்டிப் பட்டறை வெச்சிருக்கிற அத்திப்பள்ளிக்காரன் எவனோ உள்ளே பூந்திருக்கான்," என்றார் ஆஞ்சப்பன், குரலைத் தாழ்த்தி.

வஜிஹா மேஜையைத் துடைத்தாள். "எப்பலேர்ந்து இப்படி?"

"திங்கக்கிழமையிலேர்ந்து. முடிஞ்ச கட்டையை எண்ணிக் காட்டுற வசதி சேர்த்தீங்களே, அன்னிக்கே."

"கட்டையில சாக்பீஸ் நம்பர்?"

"நஞ்சம்மா போட்டது. இதுல முதலாவதும் பதிமூணாவதும் மட்டும் கச்சிதம். மனசு வெச்சா முடியுதுல்ல?"

வஜிஹா கட்டைகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றாக அளந்தாள். பிறகு, "நஞ்சம்மாவைப் பட்டறைக்கு வரச் சொல்லுங்க," என்றாள்.

மாலையில் நால்வரும் இயந்திரத்தருகே கூடினார்கள். நஞ்சம்மா யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"ரெண்டாவது கட்டையில ஆழம் ஒண்ணு. மூணாவதுல ரெண்டு. இருபதாவதுல பத்தொம்பது," என்றாள் வஜிஹா. "அதுக்கு முன்னாடி எத்தனை கட்டை முடிஞ்சதோ, அத்தனை மில்லிமீட்டர். பதிமூணாவதுக்கு முன்னாடி பன்னெண்டு முடிஞ்சிருந்தது. அதனாலதான் அது சரியா வந்துச்சு."

"அப்ப எண்ணிக்கை ஆழத்தோட இடத்துல உட்கார்ந்துடுச்சா?" ஆஞ்சப்பன் துள்ளினார். "உட்கார வெச்சது யாரு?"

"கம்பைலர்."

ஆஞ்சப்பன் துள்ளுவதை நிறுத்தினார்.

"கம்பைலர் முதல்ல ஒவ்வொரு மதிப்பையும் ஒரு கற்பனைப் பெட்டியில வைக்கும். விர்ச்சுவல் ரிஜிஸ்டர்னு பேரு. அது எத்தனை வேணா இருக்கலாம். ஆனா சிப்புல நிஜப் பெட்டி எட்டுதான். ஒரு மதிப்புக்கு வேலை முடிஞ்சதும் அதோட நிஜப் பெட்டியை இன்னொண்ணுக்குக் கொடுத்துடும். முதல் கட்டை சரியா வந்துச்சு. ஆனா அந்தத் துளை போட்டதும் ஆழத்துக்கு வேலை முடிஞ்சதுன்னு நினைச்சு, அந்தப் பெட்டியை எண்ணிக்கைக்குக் கொடுத்துடுச்சு. அடுத்த கட்டைக்கு அதே ஆழம் திரும்ப வேணும்னு பார்க்கலை."

நஞ்சம்மா முதல்முறையாக நிமிர்ந்தாள். "மத்திகிரியில எங்க வீட்டுக்காரம்மா இப்படித்தாங்க. ஷிப்டுக்குப் போனவன் காலி பண்ணிட்டான்னு நெனச்சு, அவன் ரூமை வேற ஆளுக்கு விட்டுடுச்சு."

"அதேதான்!" என்றாள் வஜிஹா.

ஆஞ்சப்பன் கணினி முன் உட்கார்ந்தார். ஒரு மதிப்பு இனி வேண்டாம் என்று முடிவுகட்டும் முன், நிரல் மறுபடி மேலே திரும்பும் பாதையையும் கம்பைலர் பார்க்கும்படி திருத்தினார். நஞ்சம்மா வரிசையாக இருபது கட்டைகளுக்குத் துளை போட்டாள். இருபதிலும் பன்னிரண்டு.

ரத்தினவேல் தொண்டையைச் செருமினார். "தப்பு என் மேலதாம்மா. மனசுல வெச்சுக்காதே. நாளைக்கு வந்துடு."

"வரேன் சார். செய்யாத தப்புக்கு என்னை வீட்டுக்கு அனுப்புனீங்க. செஞ்ச அந்தக் கம்பைலரை எத்தனை நாளைக்கு அனுப்பப் போறீங்க?"

ஆஞ்சப்பன் மெதுவாக எழுந்து, தன் சாப்பாட்டுக் கேரியரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்.