துடைத்தெடுத்த டிஸ்க்

டிஸ்க் காலி என்று திரை சொன்னது. ஆனாலும் சத்தம் நிற்கவில்லை.

கிர்ரென்று ஓர் இழுப்பு. பிறகு டொக், டொக் என்று தட்டல். பிறகு மூச்சு வாங்குகிற அளவுக்கு ஓர் இடைவெளி. உள்ளே ஒரு எழுத்துகூட மிச்சமில்லாத டிஸ்க் எதைத் தேடிக்கொண்டு இப்படிப் பிறாண்டுகிறது என்று அவளுக்கு விளங்கவில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டதில் சாயங்காலத்துக்கு முன்பே அறை இருண்டு கிடந்தது. ஈரச் சுவரின் பூஞ்சை வாடையோடு சூடான பிளாஸ்டிக் வாடையும் சேர்ந்து மூக்கை அடைத்தது.

டாக்டர்கள் பேசி அனுப்பும் பதிவுகளைக் காதில் மாட்டிக்கொண்டு தட்டச்சு செய்து கொடுப்பது அவள் வேலை. இரண்டாம் தாரமாக இந்த வீட்டுக்குள் கால் வைத்தபோது தன்னுடையது என்று அவள் கொண்டுவந்தது அந்த வேலையையும் ஒரு கம்ப்யூட்டரையும்தான். கம்ப்யூட்டரின் டிஸ்க் போன வாரம் உயிரை விட்டது. வேறு ஒன்று வேண்டும் என்று சொன்னாள். அவள் புருஷன், ஊரே மேஸ்திரி என்று கூப்பிடும் மனுஷன், தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. வேலையை விட்டுத்தொலை என்று அதற்கு அர்த்தம். கல்யாணமான ஆறு வருஷத்தில் அவருடைய மௌனத்தை அவள் நன்றாகவே படிக்கக் கற்றிருந்தாள்.

பரணில் மூத்த தாரத்தின் கம்ப்யூட்டர் கிடந்தது. மூத்தவள் எவனோடோ ஓடிப்போய்விட்டாள் என்று பெண் பார்க்க வந்த அன்றே மேஸ்திரி சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவள் பேச்சையே எடுத்ததில்லை. கம்ப்யூட்டரைப் பற்றி மட்டும் ஒரு தடவை, அது முழுக்க வைரஸ், தொடாதே என்றார்.

அவள் தொட்டாள். அவர் வேலைக்குக் கிளம்பியதும் ஏணியைச் சாத்தி ஏறி, பெட்டியைத் திறந்து, டிஸ்க்கை மட்டும் கழற்றித் தன் கம்ப்யூட்டரில் மாட்டினாள். கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சித்தி மகளுக்குப் போன் போட்டாள். அவள் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். இன்டர்நெட் ஒயரை முதலில் பிடுங்கிவிட வேண்டும். சுத்தமான பென் டிரைவிலிருந்துதான் கம்ப்யூட்டரைக் கிளப்ப வேண்டும். பழைய டிஸ்க்கில் இருக்கும் எந்த புரோகிராமையும் தப்பித்தவறிக்கூடத் திறக்கக் கூடாது.

"வைரஸ் தானா எழுந்திருக்காதுக்கா. நாமதான் கிளிக் பண்ணி எழுப்பி விடுறோம்," என்றாள். "போட்டோ ஏதும் வேணும்னா எடுத்துக்க. அப்புறம் டிஸ்க் முழுக்க சைபரா எழுதித் துடைச்சிட்டு, புதுசா எல்லாம் ஏத்து. ஒண்ணும் ஆகாது."

வைரஸ் ஒளித்து வைத்திருந்த போல்டர்களைச் சித்தி மகள் சொன்ன வழியிலேயே வெளியே கொண்டுவந்தாள். போட்டோக்கள். மூத்தவளின் முகத்தை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தாள். அழகிதான். இதே அறையில், மூலை உடைந்த இதே சுவிட்ச் பலகைக்குப் பக்கத்தில், ஒரு பெரிய ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். எடுத்தது மேஸ்திரியாகத்தான் இருக்க வேண்டும். தன்னை அவர் ஒரு போட்டோகூட எடுத்ததில்லை என்ற நினைப்பு அவளுக்கு வேப்பங்காயாகக் கசந்தது. ஓடிப்போனவளுக்கு இவ்வளவு சிரிப்பா? மேலே ஒன்றைக்கூடப் பார்க்காமல், ஒன்றைக்கூட எடுத்து வைக்காமல், துடைக்கச் சொல்லிப் பொத்தானை அமுக்கினாள். திரையில் பட்டை மெதுவாக நிரம்ப நிரம்ப, யாரையோ வீட்டைவிட்டுத் துரத்துகிற மாதிரி ஒரு திருப்தி.

அதன் பிறகுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது.

கம்ப்யூட்டரை அணைத்தாள். மின்விசிறி முனகி ஓய்ந்தது. கிர்ர். டொக், டொக். பிளக்கைப் பிடுங்கினாள். திருகாணிகளைக் கழற்றி டிஸ்க்கை மேஜைமேல் வைத்தாள். சின்னக் குழந்தையின் நெற்றி போல இளஞ்சூட்டில் இருந்தது. குனிந்து காதை வைத்துக் கேட்டாள்.

டிஸ்க்கில் ஒன்றுமில்லை.

கிர்ர். டொக், டொக்.

மேஜைக்குப் பின்னால். சுவரில்.

நிமிர்ந்து பார்த்தாள். வழவழப்பாகப் பூசிய சுவர். சுவிட்ச் பலகை அதே இடத்தில். அதற்குப் பக்கத்தில் ஜன்னல் இல்லை. எந்தப் பக்கமும் ஜன்னல் இல்லை. இந்த அறை இன்னும் நீளமாக இருந்திருக்கிறது.

போட்டோவை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் போலிருந்தது. எங்கே பார்ப்பது? அவளே துடைத்தாயிற்று. மூத்தவள் அந்த ஜன்னலோரம் உட்கார்ந்திருந்ததற்கு இனி உலகத்தில் ஒரு சாட்சியும் கிடையாது.

ஆறு வருஷம். அதற்கும் முன்னால் எத்தனை வருஷமோ. சோறு தண்ணி இல்லாமல் யார்தான். முடியாது. எலி. எலியாக இருக்கும்.

எலி மூச்சு வாங்காது.

சிமெண்ட் வாடை வந்தது. மேஸ்திரி நனைந்துபோய் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. மேஜைமேல் கிடந்த டிஸ்க்கைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். அடி விழும் என்று அவள் தோளைக் குறுக்கிக்கொண்டாள். அவரோ வேலை முடித்து வந்த அலுப்போடு அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்தக் கம்ப்யூட்டர் சத்தம்னுதான் நானும் முதல்ல நினைச்சேன்," என்றார். "பரண்ல தூக்கிப் போட்டேன். அப்பவும் நிக்கல."

"ஏங்க," என்றாள். "உள்ள யாருங்க?"

அவர் கையை நீட்டிச் சுவரில் வைத்து, அழுகிற பிள்ளையைத் தூங்க வைப்பதைப் போல மெல்லத் தட்டினார். பிறாண்டல் தயங்கியது. அடங்கியது. பழகிப்போன கை. இப்படி எத்தனை நாள், அவள் சமையலறையில் இருந்தபோதெல்லாம், இங்கே வந்து தட்டியிருப்பார்?

"எனக்கு முன்ன மாதிரி அடங்க மாட்டேங்குறா," என்றார். குரலில் கோபமில்லை. சலிப்புதான். "நீ வந்து கை வை. உன்கிட்டயும் பழகிக்கட்டும்."

மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். அவள் திமிறினாள். அவர் பிடி இரும்பு. உள்ளங்கை சுவரில் பட்டது. ஈரம். சூடு. சுண்ணாம்பு தோலைப் போல மெத்தென்று உள்வாங்கியது.

அந்தப் பக்கத்தில் ஒரு விரல் வந்து அவள் விரலுக்கு நேராக நின்றது.

இன்னொன்று.

ஒவ்வொன்றாக ஐந்தும்.

பிறகு, தூங்கு, தூங்கு என்பது போல, உள்ளேயிருந்து அந்தக் கை அவள் கையை மெல்லத் தட்டத் தொடங்கியது.