நாலாம் பிரஸ்ஸின் நூறு சதவீதம்

நாலாம் பிரஸ்ஸிலிருந்து வந்த ஆறாயிரம் சிப்புகளில் ஒன்றுகூடப் பழுதில்லை என்று கணினி காட்டியபோது நிரஞ்சனிக்குச் சந்தோஷம் வரவில்லை. கணினியைத்தான் முதலில் சந்தேகித்தாள்.

ஆயர் குரோ ஊருக்குப் பக்கத்துச் சிப் தொழிற்சாலை அது. சிப்பின் மேல் உருகிய கருப்புப் பிசினை அழுத்தி மூடுவது பிரஸ்ஸின் வேலை. பிசினுக்குள் கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழ் ஒன்று தங்கினாலும் சிப் குப்பைக்குப் போகும். நூற்றுக்கு ஆறு அப்படிப் போய்க்கொண்டிருந்தது. அதைக் குறைக்கத்தான் அவளை எஞ்சினியராக வைத்திருந்தார்கள். எட்டு மாதமாகச் சூட்டை மாற்றிப் பார்த்தாள், அழுத்தத்தை மாற்றிப் பார்த்தாள். அரை சதவீதம்கூட அசையவில்லை. தீபாவளிக்குள் சரியாகாவிட்டால் உற்பத்தி லைனையே மூடிவிடுவோம் என்று மேலிடம் சொல்லிவிட்டது. லைனில் நாற்பது பேர்.

இப்போது மூன்று நாள் நூறு சதவீதம். நாலாம் நாள் பழையபடி சரிந்தது.

அவள் பழைய பதிவுகளைத் தோண்டினாள். மார்ச்சில் ஒரு நாள் இப்படி. ஜூனில் இரண்டு நாள். அந்தத் தேதிகளை வேறெங்கோ பார்த்த ஞாபகம். விபத்து அறிக்கைகளைத் திறந்தாள். மார்ச்சில் பவானேஸ்வரியின் சுண்டுவிரல் நுனி. ஜூனில் ஒரு நேப்பாளப் பையனின் கட்டைவிரல். போன திங்கட்கிழமை கவிநேசனின் இரண்டு விரல்கள்.

மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான். கதவு முழுதாக மூடுமுன்பே பிரஸ் இறங்கிவிட்டது. ஒவ்வொரு அழுத்தலிலும் நாலு வினாடி மிச்சம் பிடிக்க, பிரஸ்ஸை அப்படி மாற்றக் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். மார்ச்சிலேயே பழையபடி மாற்றியிருக்கலாம். லைன் போய்விடுமே என்று சும்மா இருந்துவிட்டாள்.

பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள். சூப்பர்வைசர் காளிமுத்து. பெம்பான் ஊரிலிருந்து இருபத்தாறு வருடமாக மோட்டார் சைக்கிளில் வந்துபோகிறவர். திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இத மேல காட்டாதீங்க மிஸ்."

"உங்களுக்கு முன்னமே தெரியுமா, அண்ணே?"

"லைன்ல எல்லாருக்கும் தெரியும் லா."

அவர் போய்விட்டார். இன்றைக்கே பிரஸ்ஸை நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தாள்.

பகல் இரண்டு மணிக்கு வெள்ளை அங்கியும் முகமூடியும் மாட்டிக்கொண்டு லைனுக்குள் நுழைந்தபோது, ஜன்னல் இல்லாத அந்தக் கூடத்தின் மஞ்சள் வெளிச்சமும், வரிசையாக நின்ற பிரஸ்கள் மாறிமாறி விட்ட நீண்ட பெருமூச்சும், சுட்ட பிசினின் வழக்கமான நெடியும், அந்த நெடிக்கு அடியில் தலைமயிர் கருகுவது போன்ற இன்னொரு வாடையும் சேர்ந்து அவளை எதிர்கொண்டன. ஆபரேட்டர்கள் வேலை செய்யவில்லை. அவரவர் இடத்தில் அசையாமல் நின்றார்கள். முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. எல்லாக் கண்களும் நாலாம் பிரஸ்ஸின் மேல்.

அங்கே காளிமுத்து நின்றார். இடது கைச் சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டிருந்தார்.

"அண்ணே, தள்ளி வாங்க. மெஷின நிறுத்தப் போறேன்."

"நாளைக்கி கஸ்டமர் வாரான், மிஸ்." குரலில் பதற்றமே இல்லை. "ரெண்டு விரலுக்கு மூணு நாளு. முழுக் கைக்கு எவ்ளோன்னு நீங்கதான் கணக்குப் பாக்கணும்."

அவள் ஓடினாள். சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தாள். பொத்தான் உள்ளே போனது.

பிரஸ் நிற்கவில்லை.

எலும்பு நொறுங்குவது கேட்டது. ஒரே சத்தமாக இல்லை. விரல்கள். பிறகு மணிக்கட்டு. பிறகு முன்கை. இரும்பில் பட்ட ரத்தம் சீறி ஆவியானது. காளிமுத்து கத்தவில்லை. பற்கள் ஒன்றோடொன்று அரைபட்டன. அவள் அவர் இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள்.

தொண்ணூறு வினாடி. பிசின் இறுகும் நேரம். அதுவரை திறக்காது.

"யாராவது வாங்க. ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க."

யாரும் வரவில்லை.

பிரஸ் திறந்தது. இருவரும் தரையில் விழுந்தார்கள். அவர் கை முழங்கையோடு முடிந்திருந்தது. அதற்குக் கீழே ரத்தம் இல்லை, சதை இல்லை. பளபளவென்று, சதுரமாக, கருப்பாக இறுகிய பிசின்.

மேலே பெல்ட் நகர்ந்தது. சிப்புகள் வரிசையாக வந்தன. ஒரு கறைகூட இல்லை. திரையில் எண் ஏறியது. தொண்ணூற்று ஏழு. தொண்ணூற்று ஒன்பது. நூறு.

காலடிச் சத்தம் கேட்டது. உதவிக்கு வருகிறார்கள் என்று நிமிர்ந்தாள்.

அவர்கள் அவளைக் கடந்துபோனார்கள். காளிமுத்துவைத் தாண்டிக் கால் வைத்தார்கள். பிரஸ்ஸின் முன்னால் ஒருவர் பின் ஒருவராக, கூடத்தின் கதவு வரைக்கும் வரிசையில் நின்று, இடது கைச் சட்டையைச் சுருட்டத் தொடங்கினார்கள்.