சிங்கமீன் வேண்டாம்

அன்று மாலை எங்கள் பல் மருத்துவமனையின் முன்னறையில் இருந்தவர்கள் இவர்கள்: வாசல் மேசையில், சீட்டு கொடுக்கும் அம்மா. ஜன்னலோரம், பல்செட் செய்யும் மாமா. சோபாவின் மூலையில், தன் சித்தியை ஒட்டிக்கொண்டு, கன்னம் வீங்கிய ஒரு பொடியன். முக்காலியில், கடிதத் தாளோடு நான்.

அப்பா உட்காரவில்லை. டாக்டர் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, டீ டம்ளரோடு கடல்நீர்த் தொட்டியின் முன் நின்றார். சுவர் நீளத்துக்கு இருந்த அந்தத் தொட்டிக்குள் பன்னிரண்டு பச்சை மீன்கள், திசைக்கு ஒன்றாகத் திரிந்தன.

"கூட்டமா நீந்தும்னு சொல்லித்தானே வாங்கினோம்! சந்தைக்கு வந்த மாதிரி சுத்துதுங்க" என்றார் அப்பா.

"உங்ககிட்ட வர்றவங்களே வரிசையில நிக்கறதில்ல. மீன் நிக்குமா மச்சான்?" என்றார் மாமா.

"சிரிக்காதடா. பாப்பா, எழுது. பெரிய சிங்கமீன் ஒன்று அனுப்பவும்."

மீன்கடைக்காரர் எதையும் எழுத்தில் கேட்பவர். போன முறை அப்பாவே தன் டாக்டர் கையெழுத்தில் எழுதினார். மீனுக்குப் பதில் ஒரு மூட்டை கிளிஞ்சல் வந்தது. அன்றிலிருந்து எழுதுவது என் வேலை.

"சிங்கமீன் எதுக்குப்பா?"

"அதப் பார்த்து பயந்து எல்லாம் ஒண்ணா சேரும். ஜோரா இருக்கும்."

"இதுங்களைத் தின்னுடாதா?"

அப்பா டீயை உறிஞ்சினார். "ஒண்ணு ரெண்டு... போகலாம்."

என் பேனா நின்றது. அந்தப் பன்னிரண்டில் வால் கிழிந்த மீன் ஒன்று, கண்ணாடியில் நகரும் என் விரலின் பின்னாலேயே வரும். வேகமாக நீந்தத் தெரியாது. முதலில் போவது அதுதான்.

"நேரமாச்சு, எழுதும்மா." அப்பா கோட்டைப் போட்டு, முகமூடியை மாட்டிக்கொண்டு திரும்பினார். "அடுத்தது யாரு?"

சர்ரென்று பன்னிரண்டு மீன்களும் ஒரே பந்தாக மூலையில் ஒடுங்கின. சோபாவில் பொடியன் சித்தியின் முதுகுக்குப் பின்னால் ஒடுங்கினான்.

"அப்பா! கோட்டைக் கழட்டுங்க!"

கழற்றினார். மீன்கள் பரவின.

"போடுங்க!"

மறுபடியும் பந்து.

மாமா நாற்காலியிலிருந்து விழாத குறை. "சிங்கமீனுக்கு எதுக்கு மச்சான் செலவு? அதான் நீங்க இருக்கீங்களே!"

அம்மா சீட்டுக்கட்டால் வாயை மறைத்துக்கொண்டாள்.

அப்பா முகமூடியை இறக்கினார். முகம் சுருங்கிவிட்டது. "நான் இதுங்களை என்ன பண்ணேன்?"

"இந்தக் கோட்டோடதானே தினமும் பிரஷ்ஷைத் தொட்டிக்குள்ள விட்டுத் தேய்க்கிறீங்க? பயம் இல்லாதப்போதான்பா இஷ்டத்துக்குச் சுத்துதுங்க."

அப்பா கோட்டைக் கழற்றிப் பார்த்தார். மீன்களைப் பார்த்தார். கோட்டை ஆணியில் மாட்டினார்.

"சிங்கமீன்னு எழுதினதை அடிச்சிடு. ஆரஞ்சு மீன் ஆறு எழுது. சாதுவா, இதுங்களோட ஒத்துப்போறதா."

"கூட்டமா நீந்தணுமாப்பா?"

"எப்படியோ நீந்தட்டும், போ."

எழுதி, மடித்து, உறையில் போட்டேன்.

"டாக்டர், இவன் வீட்டுலேர்ந்து வாயே திறக்கல" என்றாள் சித்தி.

நான் உறையைப் பொடியனிடம் நீட்டினேன். "மீன்கடைக்குப் போகுது. நீ ஒட்டுறியா?"

அவன் கோட்டில்லாத அப்பாவைப் பார்த்தான். பிறகு வாயை ஆவென்று திறந்து, நாக்கை முழுதாக நீட்டி, உறையின் பசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நக்கினான்.

அப்பா மெல்லக் குனிந்து எட்டிப் பார்த்தார். "கீழ் வரிசை, இடது பக்கம், கடைசிப் பல்" என்று முணுமுணுத்தார்.

பொடியன் உறையைக் குத்திக் குத்தி ஒட்டினான். நான் அதை எடுத்துக்கொண்டு ஓடி, எதிரே இருந்த தபால்பெட்டியில் போட்டேன்.

அப்பாவின் குரல் தெருவரை கேட்டது.

"பாப்பா, இன்னொரு உறை கொண்டா! வலது பக்கம் இன்னும் பார்க்கல!"